குடும்பத்தோடு மலையில் டர்ட் பைக், ஏடிவி: முதல் பயணத்துக்கு ஒரு செய்முறை விளக்கம்

மலைக்கு டர்ட் பைக் (மண்பாதையில் ஓட்டும் பைக்), ஏடிவி (ஹேண்டிலால் திருப்பும் நான்கு சக்கர வண்டி) ஓட்டப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் எந்த வண்டி, எந்தப் பாதை என்றுதான் உடனே விவாதம் தொடங்கும். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: உங்களில் மிக மெதுவாக ஓட்டப்போவது யார்? எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கலாம், இதுவரை கிளட்சைத் தொட்டே பார்க்காத பெரியவராகவும் இருக்கலாம். வண்டி, பாதை, கிளம்பும் நேரம் எல்லாவற்றையும் அவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு தப்பு செய்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

படி 1: ஆளுக்கேற்ற வண்டி

பிள்ளைக்கு "வளர்ந்தாலும் ஓட்டலாம்" என்று பெரிய வண்டி எடுக்காதீர்கள். சட்டை வாங்கும் கணக்கு இங்கே ஆபத்து. டர்ட் பைக்கில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு 50 சிசி போதும். யமஹா பிடபிள்யூ50-இல் கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு ஸ்க்ரூவால் நீங்களே கட்டுப்படுத்தலாம். ஹோண்டா சிஆர்எஃப்110எஃப் அடுத்த நிலை: கியர் மாற்ற வேண்டும், ஆனால் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை. முதல்முறை ஓட்டும் ஒல்லியான பெரியவருக்கும் இது நல்ல தொடக்கம்.

ஏடிவியில் எச்சரிக்கை லேபிளைப் படியுங்கள். அமெரிக்கத் தரநிலைப்படி 6, 10, 12, 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று சிறுவர் வண்டிகளைப் பிரித்திருக்கிறார்கள். பெரிய வண்டிகள் 16 வயதுக்கு மேல்தான். அப்புறம், ஒருவர் மட்டுமே ஓட்டும் ஏடிவியில் பின்னால் பிள்ளையை ஏற்றவே கூடாது. சீட் நீளமாக இருப்பதைப் பார்த்து இரண்டு பேர் உட்காரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்குத்தான் அந்த நீளம்.

படி 2: உடுப்பு

ஹெல்மெட், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முழங்கால் முழங்கை காப்பு, முழுக்கைச் சட்டை. பிள்ளைக்கு ஹெல்மெட் மாட்டி, தாடைப் பகுதியைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். தலையும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அளவு பெரிது. ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஹெல்மெட், இரண்டாவது பூட்ஸ். டர்ட் பைக் விழும்போது அடியில் மாட்டுவது பெரும்பாலும் கால்தான்.

படி 3: சமதளத்தில் ஒரு நாள்

விடுமுறை மூன்று நாள் என்றால் முதல் நாளைச் சமதளத்துக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் சிணுங்குவார்கள், பரவாயில்லை.

முதல் பாடம் வண்டியை நிறுத்துவது. எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்லுங்கள். பல சிறுவர் ஏடிவிகளில் கயிறோடு இணைந்த சுவிட்ச் இருக்கும். பிள்ளை கிளம்பும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடங்கள். தடுமாறினால் இழுத்தால் போதும், எஞ்சின் அணைந்துவிடும்.

கிளட்ச் உள்ள டர்ட் பைக்கில் அடுத்த பாடம் அந்தக் கிளட்ச்தான். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டி நகரத் தொடங்கும் இடத்தைக் கை உணரும்வரை இருபது முறையாவது செய்ய வேண்டும். பிறகு நின்றுகொண்டு ஓட்டுவது: முழங்கால் லேசாக மடங்கி, தொடைகளால் டேங்கை அணைத்து, முழங்கைகள் வெளியே விரிந்து, பார்வை தூரத்தில். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வழியில் இருக்கும் கல்லின் மீதே போய் ஏறுவீர்கள். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும்.

ஏடிவி வேறு ஜாதி. ஆக்ஸிலரேட்டரைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். பல வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழலும். அதனால் ஹேண்டிலை மட்டும் திருப்பினால் நேராகவே போகப் பார்க்கும். வளைவின் உட்பக்கமாக உடம்பைச் சாய்த்துத் திருப்ப வேண்டும்.

பைக் ஓட்டிப் பழகியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சாய்வது போல் தெரிந்தால் காலை ஊன்றுவது நமக்கு ஊறிப்போன பழக்கம். ஏடிவியில் காலை ஊன்றினால் உங்கள் பின்சக்கரமே அந்தக் காலின் மேல் ஏறிவிடும். கால்கள் எப்போதும் மிதியிலேயே இருக்க வேண்டும்.

படி 4: ஏற்றமும் இறக்கமும்

ஏறும்போது முன்பக்கம் நகர்ந்து குனியுங்கள். கீழேயே கியரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒரே சீராக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். மேட்டின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் உச்சியை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? இதை ஓட்டத் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஏடிவியில் எடையை முன்னாலேயே வைத்து பிரேக்கைப் பிடித்து, பார்க்கிங் பிரேக் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்க வேண்டும். வண்டி பின்னால் உருளத் தொடங்கினால் முன்பிரேக்கை மெதுவாகக் கூட்டுங்கள். பின்பிரேக்கை மட்டும் வெடுக்கென்று அழுத்தினால் மல்லாந்து கவிழ்ந்துவிடும். அதுவும் கைமீறினால் வண்டியை விட்டுவிட்டு மேட்டுப் பக்கமாக விலகிவிடுங்கள். டர்ட் பைக்கில் இது எளிது. முன்பிரேக்கைப் பிடித்தபடி மேட்டுப் பக்கமாக வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்து, முன்சக்கரத்தைக் கீழ்நோக்கி இழுத்துத் திருப்பலாம்.

இறங்கும்போது உடம்பு பின்னால், கியர் சின்னது, ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்க வேண்டும். எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது வேண்டவே வேண்டாம். ஏடிவியில் சரிவின் குறுக்கே போக நேர்ந்தால் மேட்டுப் பக்கம் சாயுங்கள். முதல் பயணத்தில் அப்படிப்பட்ட பாதையைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

படி 5: கிளம்பும் முன்

டயர், பிரேக், ஆக்ஸிலரேட்டர் கேபிள், எண்ணெய், பெட்ரோல், செயின் தளர்வு, இவற்றைப் பாருங்கள். ஏடிவி டயருக்குக் காற்று மிகக் குறைவு. 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவில் இருப்பது சகஜம், சரியான எண் வண்டி லேபிளில் இருக்கும். கார் டயருக்கான கேஜ் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) இதற்குச் சரிவராது, குறைந்த அழுத்தத்தைக் காட்டும் கேஜ் தேவை. நின்றுபோன வண்டியை இழுக்கும் பட்டை, பஞ்சர் சாமான், கை பம்ப், முதலுதவி, அச்சிட்ட வரைபடம், தண்ணீர் எல்லாம் பையில் இருக்கட்டும். மலையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்ரோலுக்கு ஒரு கணக்கு: போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. இருப்பதிலேயே சின்ன டேங்க் எந்த வண்டியில் இருக்கிறதோ அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

படி 6: சேர்ந்து ஓட்டுவது

எங்கள் முதல் பயணத்தில் மகனும் நானும் முன்னால் போனோம். மனைவிக்குப் பின்னால் கடைசியாக ஒன்பது வயது மகள். ஒரு ஏற்றத்தில் அவள் வண்டி நின்றுவிட்டது. எஞ்சின் சத்தத்தில் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. பாதை பிரியும் இரண்டு இடங்களைத் தாண்டிய பிறகுதான் மனைவி திரும்பிப் பார்த்திருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மகள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அடி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடங்களை இன்றும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் முறை இது. அனுபவமுள்ள ஒருவர் முதலில், இன்னொருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, பின்னால் வருபவர் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். வேகத்தை முடிவு செய்வது மகள். தூசி அடங்கும் அளவுக்கு இடைவெளி விடுவோம். எதிரே வண்டிகள் வந்தால், எனக்குப் பின்னால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று விரல்களால் காட்டுவேன். கடைசியில் வருபவர் மூடிய முஷ்டியைக் காட்டுவார். நடப்பவர்களையோ குதிரையில் வருபவர்களையோ கண்டால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவர்கள் போன பிறகு கிளம்புங்கள்.

படி 7: உயரத்தைக் கவனியுங்கள்

1000 மீட்டர் ஏறினால் எஞ்சின் சக்தியில் சுமார் 10 சதவீதம் குறையும். கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) உள்ள வண்டி என்றால் காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகி, கரும்புகை கக்கித் திணறும். அடிவாரத்தில் துள்ளிய 50 சிசி வண்டி மேலே சோர்ந்து போவது இதனால்தான். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் குளிரும் ஆறேழு டிகிரி கூடும், அதனால் மேல்சட்டை கையில் இருக்கட்டும். 2500 மீட்டருக்கு மேலே யாருக்காவது தலைவலி, குமட்டல் வந்தால் அத்தோடு ஏறுவதை நிறுத்துங்கள். குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். கோடையில் பல மலைகளில் இடிமழை பிற்பகலில்தான் வரும் என்பதால் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் திரும்புவது எங்கள் வழக்கம்.

படி 8: திரும்பிய பிறகு

வண்டி ஆறியதும் சேற்றைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். டயரில் ஒட்டிய விதைகள் அடுத்த காட்டுக்குக் களையாகப் போகாமலிருக்கவும் கழுவுவது உதவும். வேலை நடக்கும்போதே பிள்ளைகளிடம் எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று கேளுங்கள். எங்கள் முதல் பயணத்தன்று மாலை என் மகள் வரைபடத்தில் தன் வண்டி நின்ற அந்த ஏற்றத்தைத் தொட்டுக் காட்டினாள். மறுநாள் அதைச் சுற்றிப் போகும் ஓடைக்கரைப் பாதையையும் அவளே தேர்ந்தெடுத்தாள். அதில்தான் நால்வரும் போனோம்.