மாடல் டீசல் எஞ்சினுக்குச் சேலத்து வெள்ளிக் கம்பி

1:87 அளவில் விற்கப்படும் தொழிற்சாலை டீசல் ரயில் எஞ்சின் மாடல்களில் முதலில் கண்ணை உறுத்துவது கைப்பிடிக் கம்பிகள்தாம். பிளாஸ்டிக்கில் வார்த்த கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், நிஜ எஞ்சினில் அது 87 மில்லிமீட்டர் குழாய்க்குச் சமம். அத்தனை பருத்த குழாயை எந்த ஓட்டுநரும் கையால் வளைத்துப் பிடிக்க முடியாது. அதையே 0.4 மில்லிமீட்டர் கம்பியாக மாற்றினால் 35 மில்லிமீட்டர் குழாயின் அளவு வந்துவிடும். வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதை மட்டுமாவது மாற்றுங்கள் என்பேன்.

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1940 முதல் 1956 வரை கட்டிய 44 டன் எஞ்சினின் மாடல். 90,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள எஞ்சினில் ஓட்டுநருடன் இன்னோர் ஆளும் இருக்க வேண்டும் என்று 1937-இல் அங்கே ஏற்பட்ட ஒப்பந்தமே அந்த 44 அமெரிக்க டன்னுக்கு (88,000 பவுண்டு) காரணம். நடுவில் கேபினும் இருபுறமும் தாழ்ந்த எஞ்சின் கூடுகளும் உள்ள அமைப்பு என்பதால், கைப்பிடிகளும் படிகளும் ஒளிய இடமின்றி வெளியே தெரியும்.

பலரும் பித்தளைக் கம்பி வாங்குகிறார்கள். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டு, கம்பி இழுக்கும் தட்டில் 0.4 மில்லிமீட்டருக்கு இழுத்த வெள்ளிக் கம்பி ஒரு மீட்டர் வாங்கினேன். எடை ஒன்றேகால் கிராமுக்குச் சற்றே கூடுதல். காரணம் இதுதான்: நிஜ எஞ்சினில் ஆட்கள் பிடித்து ஏறும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து உள்ளிருக்கும் இரும்பு வெளுத்துத் தெரியும். பித்தளையைத் தேய்த்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். வெள்ளியைத் தேய்த்தால் இரும்பின் வெளுப்பு அப்படியே கிடைக்கும்.

காய்ச்சிய வெள்ளி மென்மையாக இருக்கும். ஆகவே கம்பியின் ஒரு முனையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, மறுமுனையைக் குறடால் பற்றி, லேசாக நீளும் உணர்வு கைக்குத் தட்டும்வரை ஒரே சீராக இழுங்கள். வளைவு நீங்குவதோடு கம்பி விறைப்பும் பெறும். பழைய கைப்பிடிகளைக் கூரிய கத்தியால் மெல்லச் சீவி எடுத்துவிட்டு, 0.45 மில்லிமீட்டர் துளை ஊசியைக் கைத்துளைப்பானில் பூட்டித் துளையிடுங்கள். என் முதல் மாடலில் கண்மதிப்பாகத் துளையிட்டதால் பக்கவாட்டுக் கம்பி முழுவதும் சரிந்து நின்றது. அதன்பிறகு கிராஃப் தாளில் ஒரு பட்டையை வெட்டி ஒட்டி, கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஊசிமுனையால் குழி பதித்த பின்பே துளைக்கிறேன். வெள்ளி சூட்டை நொடியில் கடத்துமாதலால், பற்றவைக்க வேண்டிய மூட்டுகளை வெளியிலேயே முடித்துக்கொண்டு, உடலில் செருகியபின் பசை மட்டும் இடுங்கள். பெயின்ட் அடித்துக் காய்ந்ததும், படியருகே கை பற்றும் உயரத்தில் மட்டும் மிக நுண்ணிய உப்புத்தாளால் இரண்டு முறை தடவினால் போதும்.

முன்விளக்கு வேலை எளியது. 12 வோல்ட் டிசியில் ஓடும் மாடலுக்கு, முன்னும் பின்னும் வைக்கும் இரண்டு வெள்ளை எல்இடிகளை எதிரெதிர்த் துருவமாக இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு 1,000 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஓடும் திசையின் விளக்கு மட்டும் எரியும். எரியும் விளக்கு மற்றதைத் தலைகீழ் மின்னழுத்தத்திலிருந்து காக்கும்.

உழைத்த எஞ்சின்போல் தோன்ற அழுக்கேற்றுவதற்கு முன், அந்த எஞ்சின் எங்கே வேலை செய்கிறது என்று முடிவு செய்யுங்கள். என்னுடையது சேலத்து மேக்னசைட் சுரங்கத்து வெள்ளைக்கல்லை ஏற்றும் சைடிங்கில் (பக்கத் தண்டவாளத்தில்) நிற்பதாக வைத்துக்கொண்டேன். தூய வெள்ளைத் தூள் பனி விழுந்தது போலிருக்கும். வெள்ளைச் சாக்பீஸ் தூளில் ஒரு சிட்டிகை செம்மண் நிறம் கலந்தால்தான் நம் ஊர்ப் புழுதியாகும். உண்மையான கல்தூளைப் பயன்படுத்தாதீர்கள். அது பல்சக்கரங்களை அரித்துவிடும். கூட்டின் மேற்பரப்பிலும் படிகளின் ஓரங்களிலும் தடித்தும், செங்குத்துப் பக்கங்களில் மழை வழிந்த கோடுகளாகவும் தூரிகையால் படியவிடுங்கள். படியின் நடுவே செருப்புத் தேய்த்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். டீசல் ஊற்றும் வாயின் கீழே பளபளப்பான கருமை ஒன்று, அந்தப் புழுதியையும் கிழித்துக்கொண்டு வழிய வேண்டும். என் மாடலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மங்கல் வார்னிஷ் தெளித்தால் புழுதியில் பெரும்பங்கு மறைந்துவிடும் என்பதால், தேவைக்குச் சற்று அதிகமாகவே முதலில் பூசுங்கள். தேய்த்த வெள்ளி கறுக்காமலிருக்கவும் அந்த வார்னிஷ் உதவும். ஏற்காட்டில் வசிப்பவர்கள் மேகம் இறங்கிய நாளில் தெளிக்க வேண்டாம். ஈரம் சேர்ந்து வார்னிஷ் பால்போல் வெளுத்துவிடும். நான் ஒரு கூரையை அப்படி இழந்து முழுவதும் மறுபடி அடித்தேன். தெளிக்கும் முன் மாடலின் ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி வையுங்கள். முடிந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் சக்கரங்களின் ஓடும் பரப்பைத் துடைத்துவிட்டு, மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள்.