பல் வலி பற்றி இணையத்தில் தேடுவது எப்படி?

பல் வலி பெரும்பாலும் இரவில்தான் கூடுகிறது. படுத்தவுடன் தலைப்பகுதியில் இரத்த அழுத்தம் சற்று உயர்வதும், மனத்தை வேறு பக்கம் திருப்ப வேலை ஏதும் இல்லாததும் அதற்குக் காரணங்கள். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுப்பவர் "பல் வலி உடனே நிற்க" என்றுதான் தேடுவார். அப்படித் தேடினால் வலியை அடக்கும் வழிகளே வரிசையாக வரும். வலி எதனால் வந்தது, எவ்வளவு விரைவில் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற முக்கியமான கேள்விகள் விடுபட்டுப்போகும்.

ஆகவே, தேடுவதற்கு முன் வலியைக் கவனியுங்கள். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று வலித்துச் சில நொடிகளில் அடங்கினால், ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிவதோ எனாமல் தேய்ந்திருப்பதோ காரணமாக இருக்கலாம். சூடோ குளிரோ நீங்கிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, எதுவும் படாமலேயே வலி தொடங்கித் தூக்கத்தைக் கெடுத்தாலோ, பல்லின் உள்ளிருக்கும் பற்கூழ் (நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பகுதி) மீள முடியாத அளவுக்கு அழற்சி அடைந்திருக்க வாய்ப்புண்டு. கடிக்கும்போது மட்டும் வலித்தால் விரிசலையும், பல் பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் வலி கூடினால் அந்தக் குழியில் இரத்த உறைவு கலைந்திருப்பதையும் சந்தேகிக்கலாம். சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் பலவும் ஒருசேர வலித்தால், கோளாறு பல்லில் இல்லாமல் சைனஸில் இருக்கக்கூடும். "குளிர்ந்த நீர் குடித்தபின் பல் வலி நீடிப்பது ஏன்" என்பதுபோல, வலியைத் தூண்டுவது எது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துத் தேடினால் விடைகள் வெகுவாகத் தெளிவடையும்.

முகமோ கழுத்தோ வீங்குவது, காய்ச்சல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவை இருந்தால் தேட வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். உடலை வருத்தும்போது தாடை வலித்து, ஓய்வெடுத்தால் குறைகிறது என்றாலும் தாமதம் கூடாது, ஏனெனில் அது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம்.

முடிவுகள் வந்ததும், மேலே இருப்பவற்றில் விளம்பரம் என்று குறிக்கப்பட்டவற்றைத் தாண்டிச் செல்லுங்கள். இப்போது தேடுபொறிகள் தாமே எழுதித் தரும் சுருக்கத்தையும் அப்படியே நம்பாமல், அது எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று திறந்து பாருங்கள். எழுதியவர் பெயரும் தகுதியும், கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியும் இல்லாத பக்கத்தையும், இறுதியில் ஒரு பொருளை விற்கும் பக்கத்தையும் நான் ஒதுக்கிவிடுவேன். தேடும் சொற்களோடு பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., அமெரிக்க அரசின் மருத்துவத் தகவல் தளமான மெட்லைன்பிளஸ், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் போன்ற பெயர்களில் ஒன்றைச் சேர்த்தால் சரிபார்க்கப்பட்ட பக்கங்கள் முன்னே வரும்.

வீட்டு வைத்தியக் குறிப்புகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் சொத்தையை அது ஆற்றாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறின்மீது வைக்கச் சொல்லும் குறிப்பைப் பின்பற்றவே கூடாது, அது ஈறைப் புண்ணாக்கிவிடும். ஆன்டிபயாடிக் மாத்திரைகளின் பெயர்களைத் தேடி வாங்குவதும் தவறு: பற்கூழ் அழற்சியின் வலியை அவை குறைப்பதில்லை, பெரும்பாலான பல் வலிகளுக்கு அவை வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. குழந்தைக்காகத் தேடுபவர்கள் மருந்தின் பெயரோடு வயதையும் சேர்த்தே தேட வேண்டும். மரத்துப்போகச் செய்யும் மருந்தான பென்சோகைன் கலந்த களிம்புகளை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.

பல நாள் வலித்த பல் திடீரென்று அமைதியாகிவிட்டால், ஏதோ ஒரு குறிப்பு பலித்துவிட்டது என்று எண்ணித் தேடலை நிறுத்திவிடாதீர்கள். பற்கூழ் இறந்துபோனாலும் வலி நின்றுவிடும். தொற்றோ வேரின் நுனியில் தொடர்ந்து பரவிக்கொண்டிருக்கும். தேடும்போதே வலி தொடங்கிய நாள், அதைத் தூண்டுவது, விழுங்கிய மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றைக் கைப்பேசியில் குறித்து வைத்து, பல் மருத்துவரிடம் முதலில் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.