கழுத்து இரத்தக்குழாய் அடைப்பு: எங்கே தவறுகிறோம்?

"பத்து நிமிஷத்துல சரியாப் போச்சு, டாக்டர் எதுக்கு?" இந்தப் பேச்சுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பசியாறிக்கொண்டிருக்கும்போது வலது கை மரத்துப்போய் தே தாரிக் குவளை நழுவுகிறது, பேச்சு குழறுகிறது. அல்லது ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து திரும்புகிறது. கழுத்துக் குழாயின் கொழுப்புப் படிவிலிருந்து உடைந்த சிறு துணுக்கு மூளைக்கோ கண்ணுக்கோ போய் அடைத்து, பிறகு கரைந்திருக்கலாம். அடுத்த துணுக்கு கரையாமல் போனால் நிரந்தரப் பக்கவாதம். அந்த ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். கையை உருவிவிட்டு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் படுக்கவைப்பது அந்த நாட்களை வீணாக்கும். 999-ஐ அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடைப்பை நீக்க வேண்டியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் செய்வதே அதிகப் பலன் தரும். "தீபாவளி முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

அறிகுறி வந்தவருக்கு 70 சதவீதத்துக்கு மேல் குழாய் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சையின் பலன் தெளிவானது. 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், சுருங்கிய குழாய் இருந்த பக்கத்து மூளையில் பக்கவாதம் இரண்டு ஆண்டுகளில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு வந்தது, அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம் பேருக்கு. ஆனால் சதவீதம் ஏற ஏற அவசரம் என்று நினைப்பதும் சரியில்லை. முழுக்க அடைத்துப்போன குழாயைப் பொதுவாகத் திறப்பதில்லை. அறிகுறியே இல்லாமல் பரிசோதனையில் தெரிந்த அடைப்புக்கு, உட்கார்ந்து யோசிக்க நேரம் உண்டு.

அப்புறம் கத்திக்குப் பயந்து ஸ்டென்ட் (குழாய்க்குள் வைக்கும் சிறு வலைக்குழல்) கேட்பது. கத்தி வைத்தால் கழுத்தைத் திறந்து படிவைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஸ்டென்ட் படிவை எடுப்பதில்லை, குழாய்ச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். 2010-இல் வந்த ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதிகம், மாரடைப்பு அறுவை செய்தவர்களுக்கு அதிகம். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அறுவையே மேல் என்ற பக்கம்தான் அது சாய்ந்தது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தாங்கமாட்டார், ஸ்டென்ட் போதும் என்று பிள்ளைகள் முடிவு கட்டுவது அதனால்தான் எனக்குக் கவலை தருகிறது. கழுத்தில் முன்பே கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர், இதயம் மிகப் பலவீனமானவர் போன்றவர்களுக்கு ஸ்டென்ட் பொருந்தலாம். எது செய்தாலும், "இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தலைசுற்றல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இந்தக் குழாய் காரணமில்லை. முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கெடுக்கச் சொல்வதை விட்டுவிடுங்கள், அது கழுத்துக் குழாய்களுக்கு ஆபத்து.

சிகிச்சை முடிந்ததும் மாத்திரையை நிறுத்துவது இன்னொரு தவறு. ஸ்டென்ட் வைத்தவருக்கு, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து குறைந்தது நான்கு வாரம் தேவை, அதன்பின் ஒன்று தொடரும். பல் பிடுங்கப் போகும்போதும் தைப்பூச விரதத்திலும் டாக்டரைக் கேட்காமல் இவற்றை விடாதீர்கள். கொழுப்பு, இரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். வீடு திரும்பியபின் அறுவை செய்த பக்கம் கடுமையான தலைவலி வந்தால், பனடோல் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.