பழைய டீசல் பிக்கப் இழுக்கவில்லையா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

சிறுமலை ஏற்றத்தில் என் பழைய பிக்கப் ஒரே வாரத்தில் மூன்று முறை நின்றது. திண்டுக்கல்லில் கிளம்பும்போது நன்றாகத்தான் ஓடும். நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறைந்து, திக்கித் திணறி அணைந்துவிடும். ஓரங்கட்டிக் கால் மணி நேரம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பார்த்தவர்கள் எல்லோரும் ‘டீசல் பம்ப் போச்சு’ என்றார்கள். நானும் நம்பி, பம்பைக் கழற்றிச் செலவு செய்தேன். கடைசியில் பார்த்தால், டேங்க் மூடி! பழைய மூடி தொலைந்ததால் நான் வாங்கிப் போட்ட மூடியில் காற்றுத் துளையே இல்லை. டீசல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பால் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்) இழுக்க முடியவில்லை.

அதனால் இந்த விளக்கம் டேங்கில் தொடங்கி, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலில் முடிகிறது. செலவு குறைவான வேலை முதலில், அதிகமானது கடைசியில்.

டீசல் போகும் பாதை இதுதான்: டேங்க், ஃபீட் பம்ப், ஃபில்டர், டீசலை அதிக அழுத்தத்தில் தள்ளும் பெரிய பம்ப், அப்புறம் நாசில். மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாகத் திரும்பி வரும். இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் இன்ஜின் உள்ள புது வண்டியில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். அதில் எந்த நட்டையும் தளர்த்திப் பார்க்காதீர்கள்.

முதலில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரை ஒருவர் கவனிக்கட்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டர் வரை போகிறது, எரியத்தான் இல்லை. புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அப்படியானால் இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பில் சொலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின்சார வால்வு) இருந்தால், சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அங்கே 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லைட் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து டேங்க் மூடி. வண்டி திணறும் அந்த நேரத்திலேயே திறக்க வேண்டும். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் வேலை முடிந்தது.

மூன்றாவது ஃபில்டர். அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தனியாகத் தெரியும். எப்போது மாற்றிய ஃபில்டர் என்று நினைவில்லை என்றால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இனி கொஞ்சம் பொறுமை வேண்டும். லைனில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், இதைத்தான் ‘ஏர் எடுப்பது’ என்பார்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் திருகை இரண்டு சுற்று தளர்த்தி, கையால் டீசல் ஏற்றும் கை பம்பை அடியுங்கள். நுரையும் குமிழியுமாக வருவது நின்று சுத்தமான டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். பெரிய பம்பின் ஏர் திருகிலும் இதையே செய்யுங்கள். அடிக்கும்போது கை நிறையச் சொல்லும். மேலே இழுக்கக் கடினமாக இருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. திருகு திறந்திருந்தும் அழுத்தக் கடினமாக இருந்தால் ஃபில்டர் பக்கம். இரண்டுமில்லாமல் தொளதொளவென்று போய், டீசலும் வராவிட்டால், எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது ஃபீட் பம்பின் வால்வு தேய்ந்திருக்கிறது.

காற்று இழுக்கும் இடம் கண்ணில் படாது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் லைன். அதில் விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாமல், வெளிக்காற்று உள்ளே போகும். ‘ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே’ என்று சொல்லிக்கொண்டே நான் ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறேன். காலையில் மட்டும் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்து, பிறகு நாள் முழுக்க நன்றாக ஓடினால், முதல் சந்தேகம் இதன் மேல்தான்: ராத்திரியில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் ஒளி ஊடுருவும் டீசல் ஓஸைப் பொருத்திப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். வெடித்த ரப்பர் ஓஸையும், திரும்பத் திரும்பப் போட்ட செம்பு வாஷரையும் மாற்றுங்கள். புது வாஷர் கைவசம் இல்லாவிட்டால், பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகும், அவசரத்துக்குப் போதும்.

இன்னும் பிடிபடவில்லையா? கேன் சோதனை செய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, ஃபீட் பம்பைவிட உயரமாக, சூடான பாகங்களில் படாமல் கட்டுங்கள். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, கேனில் இருந்து ஒரு ஓஸை ஃபீட் பம்புக்குக் கொடுத்து, ஏர் எடுத்து ஓட்டிப் பாருங்கள். வண்டி நன்றாக இழுத்தால் பழுது டேங்க், அதன் உள்ளே இருக்கும் சல்லடை, அல்லது லைன். அப்போதும் திணறினால் மட்டுமே ஃபீட் பம்பையும் அதற்கு அடுத்துள்ளவற்றையும் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக நாசில். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்தி, உடனே இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பழைய இன்ஜினிலும் நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 200 பார். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். கசிவைத் தேட அட்டைத் துண்டை நீட்டுங்கள், விரலை அல்ல. டீசல் தோலுக்குள் போய்விட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாசிலைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போகும்போது, எது எந்த சிலிண்டருடையது என்று எழுதி ஒட்டுங்கள். அடியில் இருக்கும் செம்பு வாஷர் சில சமயம் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். டார்ச் அடித்துப் பார்த்து அதை எடுத்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும்.