‘இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?’: படப்புத்தகம் வாசிக்கும்போது தவிர்க்க வேண்டியவை

வித்தியாசமாக இருப்பது தப்பில்லை, மனசில் தோன்றியதை வரை, எழுது என்று குழந்தைகளிடம் பேசும் படப்புத்தகங்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. ஆசையாக வாங்குகிறோம். வாசிக்கிற விதத்தில் கெடுத்துவிடுகிறோம். நானும் கெடுத்திருக்கிறேன்.

1936-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஃபெர்டினாண்டின் கதை’யையே எடுத்துக்கொள்வோம். மன்ரோ லீஃப் எழுதி, ராபர்ட் லாசன் கறுப்பு வெள்ளையில் வரைந்தது. ஸ்பெயினில் ஒரு காளைக்கன்று. மற்ற கன்றுகள் முட்டி மோதி விளையாட, இவன் மட்டும் கார்க் மரத்தடியில் உட்கார்ந்து பூவை மோந்துகொண்டிருப்பான். வளர்ந்த பிறகும் அப்படியே. மாட்ரிட் காளைச் சண்டைக்கு மாடு பிடிக்க வந்தவர்கள் எதிரில், தெரியாமல் ஒரு தேனீயின்மேல் உட்கார்ந்து, கொட்டு வாங்கித் துள்ளுகிறான். என்ன முரட்டுக் காளை என்று ஏற்றிப் போகிறார்கள். மைதானத்திலோ பெண்கள் தலையில் சூடிய பூக்களின் வாசம். நடுவில் போய் உட்கார்ந்துவிடுகிறான். வேறு வழியில்லாமல் வீட்டிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். மறுபடி அதே மரம், அதே பூ.

என் மகளுக்கு ஐந்து வயதில் இதை வாசித்தேன். முடித்த கையோடு ‘இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?’ என்று கேட்டேன். கதைக்குக் கீழே ‘நீதி:’ என்று போட்டுப் படித்த வாய், சும்மா இருக்குமா? அவள் பதிலே சொல்லவில்லை. பக்கத்தைப் பின்னால் புரட்டி, ‘மரத்துல என்ன தொங்குது?’ என்றாள். பார்த்தால், பாட்டிலை மூடும் கார்க்குகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கின்றன! கார்க் என்பது உண்மையில் அந்த மரத்தின் பட்டை. லாசன் குறும்பாகக் காய்க்கவைத்துவிட்டார். எழுத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எழுத்தை மட்டும் கடகடவென்று வாசித்துப் போன என் கண்ணில் அது படவே இல்லை.

நீதி தேடுவதில் நான் மட்டும் தனி ஆளில்லை. சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆண்ட ஸ்பெயினில் இந்தப் புத்தகத்துக்குத் தடையே இருந்தது. பூ மோந்த காளைக்குள் பெரியவர்கள் அவரவர் அரசியலைக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: வித்தியாசத்துக்குப் பலன் காட்டுவது. சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபைத் தெரியாதவர்கள் குறைவு. 1939-இல் மாண்ட்கோமரி வார்ட் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் கிறிஸ்துமஸுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகத்துக்காக ராபர்ட் மே உருவாக்கிய கதை அது. மூக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள், பனிமூட்ட இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு அது விளக்காக உதவிய பிறகுதான் கொண்டாடுகிறார்கள். சரி, அன்றைக்குப் பனிமூட்டமே வராமல் இருந்திருந்தால்? கதையைத் தூக்கிப்போட வேண்டாம், இந்தக் கேள்வியைக் குழந்தையிடம் போட்டுப் பாருங்கள். ஃபெர்டினாண்டால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. பரிசு வாங்கவில்லை, யாரையும் காப்பாற்றவில்லை. ‘கடைசியில அவன்தான் ஜெயிச்சான் பாரு’ என்று நாமாகச் சேர்த்துச் சொன்னால், அவனையும் ருடால்ஃப் ஆக்கிவிடுகிறோம்.

இன்னொன்று, புத்தகத்தை மருந்தாகக் கொடுப்பது. கூட்டத்தில் சேராத பிள்ளையைக் கூப்பிட்டு, ‘நீயும் இவன மாதிரிதான்’ என்று வாசித்துக்காட்டினால், நம்மிடம் ஏதோ கோளாறு இருக்கிறது போல என்றுதான் அது நினைக்கும். ஃபெர்டினாண்டின் அம்மாவுக்கும் முதலில் கவலைதான், தனியாக இருக்கிறானே என்று. ஒரு வார்த்தை கேட்கிறாள். அவன் சொன்ன பதில் புரிந்ததும் அவன் போக்கில் விட்டுவிடுகிறாள். உண்மையில் இந்தக் கதையை முட்டி மோதும் கூட்டத்துக்குத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்பேன்.

வாசித்ததும் ‘ஆக்டிவிட்டி’ என்று முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே காளைப் படத்தை நகலெடுத்துக் கொடுத்து, கோட்டுக்குள் வண்ணம் அடிக்கச் சொல்வதைப் பற்றி என்ன சொல்ல!

அப்புறம் இந்த ‘சூப்பர்!’. பீட்டர் ரெனால்ட்ஸின் ‘தி டாட்’ (2003) புத்தகத்தில், வரையத் தெரியாது என்று அடம்பிடிக்கும் வாஷ்டி கோபத்தில் தாளில் ஒரு புள்ளியைக் குத்துகிறாள். டீச்சர் ஆகா ஓகோ என்று புகழவில்லை. தாளை உற்றுப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்கிறார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தப் புள்ளி தங்க நிறச் சட்டத்துக்குள் டீச்சரின் மேசைக்கு மேல் தொங்குகிறது. ‘சூப்பர்’ சொல்ல ஒரு நொடி போதும். நாம் பாதி நேரம் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிடுகிறோம்.

கார்க் காய்த்த மரத்தைப் பார்த்த அன்று சாயங்காலம் மகளும் ஒரு மரம் வரைந்தாள். கிளை முழுக்கச் செருப்புகள். ‘இது என்ன மரம்?’ என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. பென்சிலை நீட்டி, ‘பேர் எழுது’ என்றேன். முதல் எழுத்தைத் தலைகீழாக எழுதினாள்.