குளோ டிஸ்சார்ஜ் விளக்கு: வோல்டேஜைக் கடைசியில் தொடுங்கள்

உலோகத் துண்டை ஒளிரவைத்து, அதில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்க உதவும் விளக்கு இது. ஓசூர் சிப்காட் பக்கம் லேபில் புதிதாகச் சேருகிற தம்பிகள், ரீடிங் கொஞ்சம் ஆடினாலே முதலில் வோல்டேஜில்தான் கை வைக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

விஷயம் இதுதான். 1960களின் இறுதியில் வெர்னர் கிரிம் கொண்டுவந்த வடிவம்தான் இன்றைக்கும் அடிப்படை. சாம்பிளே கேத்தோடு (எதிர்மின்முனை), அதன் எதிரே பெரும்பாலும் 4 மி.மீ. விட்டமுள்ள ஆனோடு (நேர்மின்முனை) குழாய், நடுவே முடியளவு இடைவெளி. குறைந்த அழுத்தத்தில் இருக்கும் ஆர்கானின் அயனிகள் மோதி உலோக அணுக்களைப் பெயர்த்தெடுக்கும், அவை பிளாஸ்மாவுக்குள் (மின்னேறிய வாயு) போய் ஒளிரும். பெயர்ப்பது ஓரிடம், ஒளிர்வது இன்னோரிடம் என்பதால் மின்பொறி அடித்து அளக்கும் ஸ்பார்க் முறையைவிட இதில் தாய் உலோகத்தின் (சாம்பிளின் அடிப்படை உலோகம்) தொந்தரவு குறைவு.

முதல் வேலை சாம்பிள் முகம். கிருஷ்ணகிரி கிரானைட் மாதிரி பளபளக்க வேண்டாம், தட்டையாக இருந்தால் போதும். ஒருமுறை வார்ப்பிரும்பில் கார்பன் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆர்கானைச் சந்தேகப்பட்டு சிலிண்டர் மாற்றி, பைப் ஜாயின்ட் எல்லாம் இறுக்கி அரைநாள் போச்சு. அப்புறம் சாம்பிளை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால், ஓ-ரிங் (காற்று புகாமல் அடைக்கும் வளையம்) உட்காரும் இடத்தில் சரியாக ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, அதன் வழியாகக் காற்று உள்ளே. துளை உள்ள துண்டை ஒதுக்கிவிடுங்கள். வார்ப்பிரும்பு என்றால் செம்பு அச்சில் சட்டென்று உறைய வைத்த துண்டுதான் வேண்டும், உடைத்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்; கிராஃபைட் தனியாகப் பிரிந்த சாம்பல் துண்டில் கார்பன் அளவு நம்பும்படி வராது.

அடுத்தது லீக். ஆர்கான் 99.999 சதவீதம் இருக்கட்டும், சிலிண்டர் மாற்றியதும் லைனை நன்றாகக் கழுவிவிடுங்கள். ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் கோடும் (கோடு என்றால் அந்தத் தனிமத்துக்கே உரிய அலைநீளத்தில் வரும் ஒளி) நைட்ரஜனின் 149 பக்கத்துக் கோடும் வழக்கத்தைவிட எகிறினால் ஈரமோ காற்றோ புகுந்திருக்கிறது என்று அர்த்தம். துளி ஹைட்ரஜன் கலந்தாலே மற்ற தனிமங்களின் கோடுகளும் மாறிவிடும்.

ஒவ்வொரு பர்னுக்கும் (சாம்பிளை ஒருமுறை ஒளிரவைத்து அளப்பது) பிறகு ரீமர் (குழாயின் உள்ளே சுரண்டும் கருவி) போட்டு ஆனோடைச் சுத்தம் செய்யுங்கள். பெயர்ந்த உலோகம் முனையில் படிந்து வளர்ந்தால் ஷார்ட் ஆகும். சாம்பிளில் பல நூறு வோல்ட் ஓடுகிறது, ஆபத்தில் மின்சாரத்தை நிறுத்தும் இன்டர்லாக்கை ஏமாற்றிவிட்டு யாரும் வேலை செய்யக்கூடாது.

சரி, இப்போது வோல்டேஜ். எஃகுக்கு 700 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் பக்கம் தொடங்கலாம், கையேடு வேறு சொன்னால் அதுதான் கணக்கு. வோல்டேஜ், கரண்ட், ஆர்கான் அழுத்தம் மூன்றில் இரண்டைத்தான் நாம் வைக்கலாம், மூன்றாவது தானாக வந்து நிற்கும். கரண்டை ஏற்றினால் வெளிச்சம் கூடும், ஆனால் வலுவான கோடுகளில் தன் ஒளியைத் தானே விழுங்கும் வேலை தொடங்கி ஒளியளவை வைத்துத் தனிம அளவைக் கணக்கிடும் அளவீட்டு வரைகோடு வளைந்துவிடும்.

பர்ன் முடிந்ததும் சாம்பிளில் விழுந்த குழியை லென்ஸில் பாருங்கள். ஓரம் மட்டுமோ நடு மட்டுமோ ஆழமாக இருந்தால் அழுத்தத்தைக் கொஞ்சம் நகர்த்தி, சாம்பிளைத் தள்ளிவைத்துப் புது இடத்தில் மறுபடி ஐந்து பர்ன் போடுங்கள். ஐந்தும் நெருங்கி வந்தால் அந்த செட்டிங்கை நோட்டில் எழுதிவிட்டு கேலிபரேஷனுக்கு (அளவு தெரிந்த சாம்பிள்களை வைத்துக் கருவியைச் சரிப்படுத்துவது) போகலாம்.