வெளிநாட்டு ட்ரிப்ல பிளான் சொதப்பிடுச்சா? ரெண்டு பேரும் சேந்து எப்படி சமாளிக்கறது

ரெண்டு பேரா வெளிநாட்டுல ஒரே ஒரு ஊருக்கு மூணு நாலு நாள் போற ட்ரிப் இருக்கே, அதுல பெரிய சிக்கலே நேரம் கம்மிங்கறதுதான். ரெண்டு வாரம் சுத்தறவங்களுக்கு ஒரு நாள் போனா போகட்டும், நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டுடலாம். மூணு நாள் போறவங்களுக்கு பிளைட் ஆறு மணி நேரம் லேட்டானாலே ட்ரிப்ல பாதி போன மாதிரி இருக்கும், அந்த எரிச்சல் நேரா பக்கத்துல நிக்கிற ஆள் மேலதான் போய் விழும். நிறைய ஜோடிகளுக்கு கடைசில மனசுல நிக்கறது பிளைட் லேட்டானது கூட கிடையாது, "நீதானே இத புக் பண்ணுன"னு ஆரம்பிச்ச பேச்சுதான். அதனால காரியத்த எப்படி சரி பண்றதுங்கறதோட, சரி பண்ணும்போது ரெண்டு பேரும் எப்படி ஒரே கட்சியா நிக்கறதுங்கறதையும் சேத்தே சொல்றேன்.

கிளம்பறதுக்கு முன்னாடி பண்ண வேண்டியது கொஞ்சம் இருக்கு, ஆனா அதுதான் பின்னாடி உங்கள காப்பாத்தும். பெரும்பாலும் எல்லா புக்கிங்கும் ஒருத்தர் போன்லயே இருக்கும், அந்த போன் தொலைஞ்சா இல்ல சார்ஜ் போனா ஹோட்டல் பேரு கூட இன்னொருத்தருக்கு தெரியாது. டிக்கெட், ஹோட்டல் அட்ரஸ், இன்சூரன்ஸ் நம்பர், பாஸ்போர்ட் விசா போட்டோ எல்லாத்தையும் ரெண்டு போன்லயும் நெட் இல்லாம திறக்கற மாதிரி வச்சுக்கோங்க. பாஸ்போர்ட் அவங்கவங்க கைல இருக்கணும், ரெண்டையும் ஒரே பைல போடாதீங்க. கார்டும் அப்படித்தான், ஆளுக்கு ஒண்ணு, முடிஞ்சா வேற வேற பேங்க். பேங்க் அனுப்பற ஓடிபி வெளிநாட்டுல அந்த சிம்முக்கு வருமான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கணும், நடு ராத்திரி ஹோட்டல் தேடும்போது பணம் இருந்தும் கட்ட முடியாம நிக்கறது கொடுமை.

பெட்டி பேக் பண்ணும்போது இவங்க டிரெஸ்ல ரெண்டு செட் அவங்க பெட்டில, அவங்களோடது ரெண்டு செட் இவங்க பெட்டிலன்னு மாத்தி வைங்க. ஒரு பெட்டி வரலைன்னாலும் ரெண்டு பேருக்கும் மாத்திக்க துணி இருக்கும். மருந்து, கண்ணாடி, சார்ஜர், பவர் பேங்க் எல்லாம் கைப்பையிலதான், பவர் பேங்க செக்கின் பெட்டில போடவே கூடாது. சில சமயம் பிளைட் ஃபுல்லா இருந்தா வாசல்லயே உங்க கைப்பைய வாங்கி கீழ அனுப்பிடுவாங்க, அப்ப கொடுக்கறதுக்கு முன்னாடி பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட் மூணையும் வெளிய எடுத்துடுங்க.

டிக்கெட்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். புதுசா கல்யாணம் ஆனவங்க பாஸ்போர்ட்ட மாத்தாம டிக்கெட்ல மட்டும் புது பேரு போட்டுடறாங்க, அது ஏர்போர்ட் கவுன்டர்ல பெரிய தகராறாகும். பாஸ்போர்ட் காலாவதி தேதியும் பாருங்க. ஷெங்கன் நாடுகள்னா, அதாவது ஒரே விசால போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்னா, அங்கேர்ந்து கிளம்பற நாளுக்கு அப்புறமும் குறைஞ்சது 3 மாசம் செல்லணும், பாஸ்போர்ட் கொடுத்து 10 வருஷத்துக்குள்ள இருக்கணும். வேற பல நாடுகள்ல 6 மாசம் கேப்பாங்க.

அப்புறம் ஊரோட நாள்கணக்கு, இதுல ஏமாந்து போறவங்க அதிகம். பாரிஸ்ல லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, ஓர்சே மியூசியம் திங்கக்கிழமை லீவு. வாட்டிகன் மியூசியம் மாசத்தோட கடைசி ஞாயித்துக்கிழமைய தவிர மத்த ஞாயிறுல மூடிதான் இருக்கும். ஆம்ஸ்டர்டாம்ல ஆன் ஃப்ராங்க் வீட்டு மியூசியத்துக்கு ஆன்லைன்ல மட்டும்தான் டிக்கெட், நேர்ல போய் நின்னா உள்ள விட மாட்டாங்க. லண்டன்ல டிசம்பர் 25 அன்னைக்கு மெட்ரோ பஸ் ரெண்டுமே ஓடாது. ஜெர்மனில ஞாயித்துக்கிழமை பெரும்பாலான கடைங்க திறக்காது. இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம், ஆனா பாக்காம போனா அங்க வாசல்ல நின்னுட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கணும்.

பிளான் போடும்போதே ஆளுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிடுங்க, இது நடக்கலைன்னா எனக்கு வருத்தமா இருக்கும்னு. ஒருத்தருக்கு அது ஒரு மியூசியமா இருக்கலாம், இன்னொருத்தருக்கு காலைல அவசரமில்லாம தூங்கி எந்திரிக்கறதா இருக்கலாம், ரெண்டுமே நியாயம்தான். ட்ரிப் சுருங்கும்போது இந்த ரெண்ட மட்டும் காப்பாத்துங்க, மத்த எதையும் தாராளமா வெட்டலாம். அந்த ரெண்டையும் முதல் நாளே வைக்காதீங்க, முதல் நாளுக்குத்தான் ஆபத்து அதிகம். கடைசி நாளும் வேண்டாம், நடுவுல வைங்க.

இப்ப சொதப்பல் நடந்துடுச்சு. முதல்ல யார் தப்புங்கற பேச்ச ஊருக்கு திரும்பி வர்ற வரைக்கும் தள்ளி வைங்க, அத நாசூக்கா இல்ல, வாய்விட்டே சொல்லி ஒத்துக்கோங்க. அப்புறம் வேலைய பிரிச்சுக்கணும். பிளைட் கேன்சல்னா ஒருத்தர் கவுன்டர் க்யூல நிக்கட்டும், இன்னொருத்தர் அதே நேரத்துல ஏர்லைன் ஆப்லயும் போன்லயும் பாக்கட்டும், எது முதல்ல கிடைக்குதோ அத எடுத்துக்கலாம். ரெண்டு பேரும் ஒரே க்யூல நின்னு ஒண்ணா கோவப்படறதுல எந்த பிரயோஜனமும் இல்ல.

ஐரோப்பால பிளைட்னா உங்களுக்கு இருக்கற உரிமைய தெரிஞ்சுக்கோங்க, அங்க இருக்கற சட்டத்துக்கு பேரு 261/2004. ஐரோப்பிய யூனியன்ல இருந்து கிளம்பற எந்த பிளைட்டுக்கும் அது செல்லும், வெளியேர்ந்து உள்ள போறதுன்னா ஐரோப்பிய யூனியன் ஏர்லைனா இருக்கணும். போய் சேர 3 மணி நேரத்துக்கு மேல லேட்டாகி, அது ஏர்லைன் பக்கத்து காரணமா இருந்தா தூரத்த பொறுத்து ஆளுக்கு 250, 400 இல்ல 600 யூரோ வரைக்கும் நஷ்டஈடு உண்டு. புயல், பனி மாதிரி காரணம்னா அந்த பணம் வராது, ஆனா காத்திருக்கற நேரத்துக்கு சாப்பாடு, ராத்திரி தங்க வேண்டி வந்தா ஹோட்டல் இதெல்லாம் அப்பவும் அவங்கதான் கொடுக்கணும். பிளைட்டையே கேன்சல் பண்ணிட்டா பணத்த திருப்பி வாங்கறதா வேற பிளைட்ல போறதாங்கறது உங்க முடிவு. பணத்த வாங்கிட்டா மாத்து பிளைட்டுக்கு அவங்க பொறுப்பு கிடையாது, அதனால ரெண்டு பேரும் பேசாம அவசரத்துல எந்த பட்டனையும் அமுக்காதீங்க.

இன்னொண்ணு, ஒரே டிக்கெட்ல போக வர புக் பண்ணிருந்து போற பிளைட்ட விட்டுட்டீங்கன்னா பல ஏர்லைன்கள்ல திரும்பி வர்ற டிக்கெட்டும் தானா கேன்சலாயிடும். வேற வழில நாமளே போய்க்கலாம்னு தோணுனா அதுக்கு முன்னாடி ஏர்லைன்ட்ட பேசி ரிட்டர்ன காப்பாத்திக்கோங்க. அப்படியே ஹோட்டலுக்கும் ஒரு போன் போட்டு லேட்டா வர்றோம், ரூம யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு சொல்லிடுங்க.

பெட்டி வரலையா, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வரவே வராதீங்க. பேக்கேஜ் கவுன்டர்ல புகார் எழுதி, பிஐஆர்னு சொல்ற அந்த ரிப்போர்ட்டையும் அதோட நம்பரையும் வாங்குங்க, பெட்டில ஒட்டுன டேக்கோட மீதி துண்ட பத்திரமா வைங்க. ஹோட்டல் அட்ரஸ தெளிவா கொடுங்க, நாளைக்கழிச்சு கிளம்பறோம்னா அதையும் சொல்லுங்க, இல்லேன்னா நீங்க ஊருக்கு போனதுக்கு அப்புறம் பெட்டி ஹோட்டலுக்கு வந்து நிக்கும். அவசரத்துக்கு வாங்கற துணி, பிரஷ் எல்லாத்துக்கும் பில் வாங்குங்க. 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி பெட்டி உடைஞ்சிருந்தா கைக்கு வந்த 7 நாளுக்குள்ள, லேட்டா வந்தா வந்த நாள்லேர்ந்து 21 நாளுக்குள்ள எழுத்துல க்ளெய்ம் கொடுக்கணும். 21 நாள் ஆகியும் வரலைன்னா தொலைஞ்சதா எடுத்துக்கலாம். 2024 டிசம்பர் கடைசிலேர்ந்து நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தோட கணக்கு அலகு), ஏறக்குறைய 2000 டாலர், அது பெட்டி கணக்கு கிடையாது, ஆள் கணக்கு. ஒரே பெட்டில ரெண்டு பேர் பொருளும் இருந்தா யாரோடது என்னன்னு தனித்தனியா லிஸ்ட் எழுதி வைங்க.

பாஸ்போர்ட் தொலைஞ்சா போலீஸ் ரிப்போர்ட் முதல்ல, அடுத்து உங்க நாட்டு தூதரகம். லீவு நாளா இருந்தாலும் அவசரத்துக்குன்னு ஒரு நம்பர் அவங்க தளத்துல போட்டிருப்பாங்க. அவங்க கொடுக்கற அவசர ஆவணம் பெரும்பாலும் ஊருக்கு திரும்பி போறதுக்கு மட்டும்தான், அதனால பக்கத்து நாட்டுக்கு ஒரு நாள் போலாம்னு போட்ட பிளான அப்பவே விட்டுடுங்க. போட்டோ, போலீஸ் பேப்பர், டிக்கெட் எல்லாம் எடுத்துட்டு ரெண்டு பேருமே சேந்து போங்க, தொலைச்சவங்க அந்த நேரத்துல ரொம்ப உடைஞ்சு போயிருப்பாங்க, தனியா அனுப்பாதீங்க. புகார் கொடுத்ததுக்கு அப்புறம் பழைய பாஸ்போர்ட் கிடைச்சாலும் அத வச்சு பயணம் பண்ணக்கூடாது, அது ரத்தாயிருக்கும்.

உடம்பு சரியில்லைன்னா உயிர் அவசரத்துக்கு நேரா ஆஸ்பத்திரி, ஐரோப்பிய யூனியன்ல எல்லா நாட்டுலயும் 112. அவ்வளவு அவசரமில்லைன்னா முதல்ல இன்சூரன்ஸோட 24 மணி நேர நம்பருக்கு பேசுங்க, எந்த ஆஸ்பத்திரின்னு அவங்களே சொல்வாங்க, சொல்லாம அட்மிட் ஆனா பின்னாடி பணம் கேக்கும்போது இழுத்தடிக்க வாய்ப்பிருக்கு. ஒருத்தர் ரூம்ல படுத்திருந்தா இன்னொருத்தர் ஒரு ரெண்டு மணி நேரம் வெளிய போய்ட்டு வர்றதுல தப்பே இல்ல, படுத்திருக்கறவங்களே போய்ட்டு வான்னு சொன்னா குத்தவுணர்ச்சி இல்லாம போங்க, காய்ச்சல் ஏறுனா போன் பண்ணுன்னு சொல்லிட்டு.

ஹோட்டல் போட்டோல இருந்த மாதிரி இல்ல, அழுக்கா இருக்கு, இல்ல அப்படி ஒரு இடமே இல்லைன்னா பெட்டிய பிரிக்கறதுக்கு முன்னாடி வீடியோ எடுங்க, புக் பண்ண தளத்துக்கு உடனே மெசேஜ் போடுங்க. ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் புகார் சொன்னா ஏன் தங்குனீங்கன்னு கேப்பாங்க. கார்ட்ல கட்டியிருந்தா பேங்க்கிட்ட சார்ஜ்பேக், அதாவது கட்டுன பணத்த பேங்க் வழியா திருப்பி வாங்கறது, கேக்கலாம், அதுக்கும் இந்த வீடியோவும் மெசேஜும்தான் ஆதாரம். கார்ட மறுபடி வெரிஃபை பண்ணுங்கன்னு ஹோட்டல் பேர்ல லிங்க் வந்தா தொடவே தொடாதீங்க. ஏடிஎம்ல உங்க ஊர் கரன்சில கழிக்கவான்னு கேட்டா வேண்டாம், அந்த ஊர் கரன்சியே போதும், இல்லேன்னா மாத்து விலைல நல்லா அடிபடும்.

இப்ப சண்டை. முக்காவாசி பசியும் தூக்கமில்லாததும்தான், அதனால ராத்திரி எந்த பெரிய முடிவும் எடுக்காதீங்க, சாப்பிட்டு படுங்க, காலைல பேசலாம். காசு கட்டிட்டோம்ங்கற ஒரே காரணத்துக்காக கால் வலிக்க வலிக்க ஒரு இடத்துக்கு இழுத்துட்டு போகாதீங்க, அந்த காசு போனா போகட்டும், மனசும் சேந்து போக வேண்டாம். ஒருத்தருக்கு ஒருத்தர் பாக்கவே பிடிக்கலைன்னா அரை நாள் தனித்தனியா சுத்துங்க, இது தோல்வி கிடையாது, நல்லா ஒத்துப்போற ஜோடிகளே பண்றதுதான். போறதுக்கு முன்னாடி எத்தன மணிக்கு எங்க சந்திக்கறதுன்னு பேசிக்கோங்க, லொகேஷன் ஷேர் பண்ணுங்க, போன் செத்துப்போனா ஹோட்டல் லாபின்னு வச்சுக்கோங்க. சண்டை கோவத்தோட நிக்காம மிரட்டறது, பாஸ்போர்ட்ட பிடுங்கி வைக்கறதுன்னு போனா அது வேற விஷயம், ரிசப்ஷன்ல சொல்லி தனி ரூம் கேளுங்க, போலீஸ கூப்பிடத் தயங்காதீங்க.

எல்லாம் ஓஞ்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கற நாளுக்கு பழைய லிஸ்ட சுருக்கி ஓடாதீங்க. புதுசா போடுங்க, நடந்து போற தூரத்துல இருக்கறதா, டிக்கெட் வேண்டாததா ரெண்டு இடம், அதோட ஆளுக்கு ஒண்ணுன்னு சொன்னீங்களே அது. மழையா, உள்ளுக்குள்ள இருக்கற இடங்கள முன்னாடி இழுங்க.

திரும்பி வந்ததும் சோம்பேறித்தனமா விட்டுடாதீங்க. போர்டிங் பாஸ், பில், பிஐஆர் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு முதல்ல ஏர்லைனுக்கு எழுதுங்க, அப்புறம் இன்சூரன்ஸ். பிளைட் ஏன் லேட்டாச்சுன்னு ஏர்லைன் எழுத்துல கொடுத்த பேப்பர இன்சூரன்ஸ் கண்டிப்பா கேக்கும், அத ஏர்போர்ட்லயே வாங்கலைன்னா மெயில்ல கேட்டு வாங்குங்க. ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனி க்ளெய்ம் போடுங்க, ஒருத்தருக்கு மட்டும் போட்டா இன்னொருத்தரோட பணம் அப்படியே நின்னுடும்.